நீர்க்கடுப்பு: சூடு அல்ல, கிருமி

கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



மூத்திரம் போகும்போது எரிகிறது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டுகிறது. போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அடிவயிறு வலிக்கிறது. இதைத்தான் நீர்க்கடுப்பு என்கிறோம். சில ஊர்களில் நீர்ச்சுருக்கு என்பார்கள். "வெயில்ல நின்னா சூடு பிடிக்கத்தானே செய்யும்? ரெண்டு இளநி குடி, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

உலகத்தில் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இந்தத் தொந்தரவு வருகிறது. இதைப் பற்றி டாக்டர்கள் பல நாடுகளில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் உங்கள் வீட்டுக்குப் பயன்படும் சங்கதிகளை இங்கே தந்திருக்கிறோம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பசி எடுப்பது போல, தூக்கம் வருவது போல, மூத்திரம் போவதும் உடம்பின் வேலைதான். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் படித்துக் காட்டுங்கள்.

மூத்திரம் எங்கே பிறக்கிறது?

முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவரைக்கொட்டை வடிவம், ஏறக்குறைய கைமுஷ்டி அளவு. இவை இரத்தத்தை இரவு பகலாகச் சலித்துக்கொண்டே இருக்கும் வடிகட்டிகள். நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தைச் சலித்து, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வேண்டாத கழிவை மட்டும் ஒன்று முதல் இரண்டு லிட்டர் மூத்திரமாக வெளியே விடுகின்றன.

அந்த மூத்திரம் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கி மூத்திரப் பையில் சேருகிறது. பை நிரம்பியதும் முட்டுகிறது. நாம் போகிறோம். பையிலிருந்து வெளியே வரும் வழிதான் மூத்திரத் துவாரம்.

இந்த வழியாகக் கிருமிகள் உள்ளே ஏறிப் பையில் குடியேறுவதால் வருவதே நீர்க்கடுப்பு. வெயில் அதை உண்டாக்குவதில்லை. வெயிலில் வேர்வை அதிகம் போவதால் மூத்திரம் குறைந்து, மஞ்சளாகிக் காரம் ஏறுகிறது. கிருமியைக் கழுவித் தள்ள நீர் போதாமல் போகிறது. "சூடு" என்று நாம் சொல்வதன் உள்விஷயம் இவ்வளவுதான்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

நீர்க்கடுப்பு வந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் ஒரே கிருமிதான் காரணம். அதன் பெயர் ஈ.கோலை. 1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிச் என்ற குழந்தை மருத்துவர் அதைக் கண்டறிந்தார். அது எங்கிருந்தோ காற்றில் பறந்து வருவதல்ல. நம் ஒவ்வொருவரின் மலக்குடலிலும் குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை தொந்தரவு செய்யாது. மூத்திரப் பைக்குப் போனால்தான் வினை.

ஆணுக்கு மூத்திரத் துவாரத்தின் நீளம் சுமார் 20 செ.மீ. பெண்ணுக்குச் சுமார் 4 செ.மீ.தான். அதோடு மலவாய் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஆகவே பெண்ணின் மூத்திரப் பைக்குள் கிருமி போவது சுலபம். பெண்களுக்கு இது அதிகமாக வருவதற்கு உடம்பின் அமைப்பே காரணம். சுத்தக் குறைவு என்று யாரையும் பழிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வசதியான சூழல் கிடைத்தால் இந்தக் கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். மூத்திரப் பையில் அந்த வேகம் இருப்பதில்லை. ஆனாலும் காலை ஏழு மணிக்குக் களை எடுக்கப் போன பெண், மறைவிடம் இல்லையே என்று பிற்பகல் இரண்டு மணி வரை அடக்கிக்கொண்டிருந்தால், அத்தனை நேரமும் கிருமி பெருகத் தடையில்லை. மூத்திரம் வருமே என்று பயந்து தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சந்தேகம் வேண்டாம்

கலியாணமான புதிதில் பல பெண்களுக்கு இந்தத் தொந்தரவு வருகிறது. அப்போது சில வீடுகளில் தப்பான பேச்சு எழுகிறது. "இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கணவன் சந்தேகப்படுகிறான், அல்லது மனைவி கணவனைச் சந்தேகப்படுகிறாள். வாய்விட்டுக் கேட்காமல் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்களும் உண்டு.

தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீர்க்கடுப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் பால்வினை நோய் அல்ல. பெண்ணின் சொந்தக் குடல் கிருமிதான் இடம் மாறிப் போகிறது. தாம்பத்திய உறவின்போது துவாரத்தருகே உள்ள கிருமி உள்ளே தள்ளப்படுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 1996-இல் இதை வெளியிட்டார்கள். கணவன் மனைவி ஒழுங்காக வாழும் வீட்டிலும் வரும். இதை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது.

அதே ஆராய்ச்சியில் மற்றொன்றும் தெரிந்தது. கர்ப்பத் தடைக்காக விந்தணுவைக் கொல்லும் களிம்பைப் பயன்படுத்திய பெண்களுக்கு நீர்க்கடுப்பு அதிகம் வந்தது. அந்த மருந்து, பெண்ணுறுப்பில் காவல் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுகிறது. களிம்பு சேராத சாதாரண ஆணுறைக்கு இந்தக் குறை கிடையாது. ஆகவே நீர்க்கடுப்புக்குப் பயந்து ஆணுறையை நிறுத்த வேண்டாம்.

ஆனால் ஒன்று. புண், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், ஆணின் துவாரத்தில் சீழ் இவை இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கு இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டுப் பயனில்லை.

அவள் சொல்வதை நம்புங்கள்

"எப்பப் பாரு எரியுது எரியுதுங்கிறா. சோதனை பண்ணிப் பார்த்தா ஒண்ணும் இல்லேங்கிறாங்க. வேலைக்குச் சாக்கு!" இப்படிப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதி.

மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று அறிய அதைச் சோதனைச்சாலையில் வளர்த்து எண்ணுவார்கள். இதற்குக் கல்ச்சர் என்று பெயர். ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமி இருந்தால்தான் நோய் என்று ஒரு கணக்கு 1950-களில் ஏற்பட்டது. அதற்குக் கீழே இருந்தால் "ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

1982-இல் சியாட்டில் நகரத்து டாக்டர் வால்டர் ஸ்டாம் என்பவரும் அவரது குழுவினரும், எரிச்சல் என்று சொல்லி வந்த பெண்களை நுட்பமாகச் சோதித்தார்கள். ஒரு மில்லி லிட்டரில் 100 கிருமி மட்டுமே இருந்த பெண்களுக்கும் பையில் உண்மையாகவே நோய் இருந்தது. அதாவது, பெண்கள் சொன்னது சரி. அளவுகோல்தான் பெரிதாக இருந்தது. எரிச்சல் உள்ள பெண்ணுக்குக் குறைந்த எண்ணிக்கையும் கணக்கில் சேரும் என்று அதன் பிறகு டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, ஐயா, உங்கள் மனைவி எரிகிறது என்றால் எரிகிறது. மாமியார்களே, மருமகள் சொல்வதும் அப்படித்தான்.

தொந்தரவே இல்லாத கிருமி: கர்ப்பிணிகள் கவனிக்க

இதுவரை சொன்னது எரிச்சல் உள்ள பெண்களைப் பற்றி. எரிச்சலே இல்லாமல் மூத்திரத்தில் கிருமி தங்கியிருப்பதும் உண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அதனால் கெடுதல் இல்லை, மருந்தும் தேவையில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் விஷயம் வேறு.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் எட்வர்டு காஸ் என்பவர்தான் மேலே சொன்ன 1 லட்சம் என்ற கணக்கை வகுத்தவர். அவர் 1950-களில், எந்தத் தொந்தரவும் சொல்லாத கர்ப்பிணிகளின் மூத்திரத்தைச் சோதித்தார். நூற்றுக்கு சுமார் 6 பேரிடம் கிருமி இருந்தது. மருந்து கொடுக்காமல் விட்டவர்களில் பலருக்குப் பின்னால் சிறுநீரகம் வரை நோய் ஏறிக் குளிர்காய்ச்சல் வந்தது. அந்தக் காலத்து ஆராய்ச்சிகளில் இப்படி நோய் முற்றியவர்கள் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை இருந்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் இது வெகுவாகக் குறைந்தது.

2015-இல் நெதர்லாந்து நாட்டில் வெளியான ஆராய்ச்சியில் அபாயம் இவ்வளவு பெரிதாக இல்லை. கிருமி இருந்தும் மருந்து பெறாதவர்களில் ஆயிரத்துக்கு 24 பேருக்குச் சிறுநீரகத்தில் நோய் வந்தது. கிருமி இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 6 பேருக்கு வந்தது. எண்ணிக்கை குறைவானாலும் வித்தியாசம் நான்கு மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

கர்ப்பத்தில் ஏன் இப்படி? கருப்பை வளர்ந்து மூத்திரக் குழாய்களை அழுத்துகிறது. கர்ப்ப காலத்துச் சுரப்பு நீர்களால் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன. மூத்திரம் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமி மேலே ஏறுகிறது. சிறுநீரகத்தில் நோய் முற்றினால் தாய்க்கு ஆபத்து. குறைமாதப் பிரசவமும் நேரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பேறுகால வழிகாட்டுதலில், மூத்திரத்தில் கிருமி உள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும், தொந்தரவு இல்லாவிட்டாலும், 7 நாள் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மூத்திரத்தில் அல்புமினும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அது மிகவும் அவசியம். ஆனால் அது கிருமிச் சோதனை ஆகாது. அல்புமின் இல்லை என்றால் கிருமியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது அல்லது நான்காவது மாதத்திலேயே, "டாக்டரம்மா, மூத்திரத்துல கிருமி இருக்கான்னு பார்க்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மனைவி கூச்சப்பட்டால் கணவர் கேளுங்கள்.

மூத்திரம் பிடித்துக் கொடுக்கும் முறை: இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆஸ்பத்திரியில் தந்த சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலின் உள்பக்கம் விரல் படக்கூடாது. மாத்திரை சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே பிடித்து, தாமதிக்காமல் கொடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் கிருமி பாட்டிலிலேயே பெருகி, சோதனை தப்பாகிவிடும்.

தண்ணீர் செய்யும் வேலை

"தண்ணி நிறையக் குடிங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டா? 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை சொல்கிறது. பல்கேரியா நாட்டில் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 140 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் குறைவாகத் தண்ணீர் குடிக்கிறவர்கள். பாதிப் பேரை, வழக்கமாகக் குடிப்பதோடு நாள்தோறும் இன்னும் ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பழையபடியே இருந்தார்கள். ஓர் ஆண்டு முடிவில், பழையபடி இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை நீர்க்கடுப்பு வந்தது. கூடுதல் தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். காசு செலவில்லாமல் ஏறக்குறையப் பாதி குறைந்துவிட்டது.

கணவருக்கும் இதில் பங்கு உண்டு. இத்தாலியில் சிறுநீரகக் கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 2 லிட்டர் மூத்திரம் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. அப்படிக் குடிக்காதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வந்தது.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு மூத்திரத்தின் நிறமே அளவு. வைக்கோல் நிறமாக இளமஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர். கடலெண்ணெய் போல் அடர்மஞ்சளானால் போதவில்லை. இதய நோய், கால் வீக்கம், சிறுநீரகச் செயல்குறைவு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

இளநீர் குடித்தால் போய்விடாதா?

இளநீர், பார்லிக் கஞ்சி, நீர்மோர் எல்லாம் நல்லவைதான். உடம்புக்கு நீர் சேர்கிறது. மூத்திரம் தாராளமாகப் போகிறது. ஆனால் இவை கிருமியைக் கொல்வதில்லை. அப்படியானால் சிலருக்கு இளநீரிலேயே குணமாகிறதே, எப்படி?

2015-இல் ஜெர்மனியில் வெளியான ஆராய்ச்சியில் இதற்கு விடை இருக்கிறது. கர்ப்பம் இல்லாத, வேறு நோய் இல்லாத 494 பெண்களில் பாதிப் பேருக்குக் கிருமிக்கொல்லியும், பாதிப் பேருக்கு வெறும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி மாத்திரை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிருமிக்கொல்லி இல்லாமலே தேறினார்கள். உடம்பே கிருமியை விரட்டிவிட்டது. ஆனால் அவர்கள் அதிகமாக எரிச்சல் பட்டார்கள். சிறுநீரகம் வரை நோய் ஏறியது அந்தப் பக்கத்தில் 5 பேருக்கு. மருந்து பெற்ற பக்கத்தில் ஒருவருக்கு.

இளநீரில் குணமானது என்பதும் பலபேரிடம் உடம்பே செய்த வேலைதான். மூன்றில் ஒருவருக்கு உடம்பு தனியே ஜெயிக்க முடியவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே இரண்டு நாளில் தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, குழந்தை, ஆண் இவர்கள் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள் தாமாக வலி மாத்திரை போடவே கூடாது.

மருந்துக் கடையில் பெயர் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும், எரிச்சல் நின்றதும் மீதியை மாடத்தில் வைத்து அடுத்த தடவைக்குச் சேமிப்பதும் கெடுதல். அரைகுறையாகவும் தேவையில்லாமலும் மருந்து சாப்பிடச் சாப்பிட, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. முன்பு நன்றாகக் கேட்ட சில மாத்திரைகளுக்கு இன்று நம் நாட்டில் ஈ.கோலைக் கிருமி பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. டாக்டர் 5 நாள் என்றால் 5 நாள். 7 நாள் என்றால் 7 நாள்.

மனைவி செய்ய வேண்டியவை

1. மூத்திரத்தை அடக்காதீர்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடுங்கள்.
2. வேலைக்குப் போகும்போது தண்ணீரும் எடுத்துப் போங்கள்.
3. மலம் கழித்துக் கழுவும்போது முன்னாலிருந்து பின்னாக மட்டும் கழுவுங்கள். சோப்பு நீரும் டெட்டாலும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம்.
4. தாம்பத்திய உறவுக்குப் பிறகு மூத்திரம் போய்விட்டுப் படுப்பது நல்லது. இதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஆனால் கெடுதல் ஒன்றுமில்லை.
5. எரிச்சலை மறைக்காதீர்கள். கணவரிடமும் கிராம சுகாதார நர்ஸிடமும் சொல்லுங்கள்.

கணவன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் கழிப்பிடம் இல்லையென்றால் முதல் செலவாக அதைக் கட்டுங்கள். இருந்தும் தண்ணீர் இல்லையென்றால் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். இருட்டும்வரை அடக்கிக் காத்திருக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.
2. வயலிலும் சூளையிலும் பெண்கள் போய்வர ஒரு மறைவிடம் ஏற்படுத்துங்கள். நாலு கம்பும் பழைய சாக்கும் போதும்.
3. மனைவிக்கு எரிச்சல் இருக்கும் நாட்களில் உறவைத் தள்ளிப்போடுங்கள்.
4. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள். ஒருநாள் கூலியைவிட அவள் சிறுநீரகம் பெரிது.
5. உங்களுக்கே எரிச்சல், மூத்திரத்தில் தடை, இரத்தம் கண்டால் "ஆம்பளைக்கு என்ன" என்று இருந்துவிடாதீர்கள். ஆணுக்கு இது அபூர்வம். அதனாலேயே காரணம் தேட வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்புற வலி, வாந்தி, மூத்திரத்தில் இரத்தம், மூத்திரமே வராமல் அடைப்பு, கர்ப்பிணிக்கு வயிறு இறுகி இறுகி வலித்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும்.

படித்தது நினைவிருக்கிறதா? ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள்

நீர்க்கடுப்புக்குக் காரணம் வெயிலா, கிருமியா?
இதற்காக ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்படலாமா?
அல்புமின் சோதனை கிருமியைக் காட்டுமா?
மீதி மாத்திரையைச் சேர்த்து வைக்கலாமா?
நம் வீட்டுப் பெண்கள் பகலில் எத்தனை மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்?

முதல் நான்கு கேள்விக்கும் விடை இந்தப் பிரசுரத்தில் இருக்கிறது. ஐந்தாவது கேள்விக்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. இன்று இரவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள்.